கடிக்காதவள்

லிங்கேஷ் என்கிற ஒருவனை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட வேண்டும் என்று நான் முடிவு செய்தது, என் வீட்டுக்காரரின் அஸ்தியைத் திருச்செந்தூர்க் கடலில் கரைத்துவிட்டு ஈரச்சேலையோடு கரையேறியபோதுதான். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்தார்கள். நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் பெயர் பிரம்மசக்தி. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் மெயில் பார்த்தவள். கப்பல் கம்பெனி பெயரில், சுங்க இலாகா பெயரில், கூரியர் பெயரில் என்று தினமும் போலி மெயில் வரும். ஒன்றுகூட என்னைத் தாண்டிப் போனதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. பின்னால் வருவதற்கெல்லாம் அது முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்துதான். கட்டைவிரல் ரேகையும் ஒரு எண்ணும் சேர்ந்தது. சுயஒப்பு என்று பெயர். வீடு விற்க, வோட்டுப் போட, ஆபரேஷனுக்குச் சம்மதிக்க, கேஸ் சிலிண்டர் பதிய, எல்லாம் அதில்தான் நடக்கிறது. ஒரு போலி மெயிலை நம்பி விரலை வைத்துவிட்டால் ஆளே காலி. சுயஒப்பு வந்த புதிதில் அப்படிப் பல குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதைத் தடுக்கத்தான் மின்விழிப்பு வாரியம் ஆரம்பித்தார்கள்.

வாரியம் என்ன செய்தது என்றால், தானே போலி மெயில்களைத் தயாரித்து மக்களுக்கு அனுப்பியது. மின்சார ஆபீஸ் மாதிரி, வங்கி மாதிரி, பள்ளிக்கூடம் மாதிரி. அதற்குத் தூண்டில் என்று பெயர். ஏமாந்து விரல் வைத்தால் ஒரு கடி. மூன்று கடி ஆகிவிட்டால் ஒரு வருடத்துக்கு உங்கள் சுயஒப்பை முடக்கிவிடுவார்கள். அந்த வருடம் முழுக்க உங்களுக்குப் பதிலாக வேறொருவர் விரல் வைப்பார். அவருக்குப் பொறுப்பாளர் என்று பெயர். வெளிப்படையாகச் சொன்னால் நீங்கள் மறுபடியும் மைனர்.

என் வீட்டுக்காரர் சிவணைந்தபெருமாள் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரஸர் மெக்கானிக். எந்த மெஷினையும் பிரித்து மாட்டிவிடுவார். எந்த மனுஷனையும் நம்பிவிடுவார். இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து இரண்டு வருடமாகக் காத்திருந்தோம். மின்சாரத்தைத் துண்டிக்கப் போகிறோம் என்று வந்த தூண்டிலில் அவருக்கு ஏற்கெனவே ஒரு கடி.

ஒரு நாள் காலை நான் சட்னி தாளித்துக்கொண்டிருக்கிறேன், முன்னறையிலிருந்து சத்தம்.

"ஏட்டி சக்தி! வந்துட்டு ஏட்டி! கிட்னி வந்துட்டு!"

நான் கரண்டியோடு ஓடி வந்தேன். டேப்லெட்டில் ஆஸ்பத்திரியின் சின்னம். 'சிவணைந்தபெருமாள் அவர்களுக்குப் பொருத்தமான சிறுநீரகம் கிடைத்துள்ளது. சம்மதத்தை உறுதிசெய்ய விரல் வைக்கவும்.' நான் வந்து சேரும் முன்னே அவர் விரல் வைத்துவிட்டார். ஏரலில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டார். பரணிலிருந்து பையை இறக்கி இரண்டு வேட்டியை உள்ளே திணித்துக்கொண்டிருந்தார்.

அப்போது திரை சிவப்பாக மாறியது. சிரிக்கிற ஒரு மீன் படம். 'இது தூண்டில். நீங்கள் கடித்துவிட்டீர்கள். இது உங்கள் இரண்டாவது கடி. விழிப்புடன் இருங்கள்!'

அவர் அந்த மீனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தங்கச்சிக்கு மறுபடி போன் போட்டு, "ஒண்ணுமில்ல தாயி, சும்மா டெஸ்ட்டாம்" என்றார். வேட்டியை வெளியே எடுத்து மடித்து வைத்தார். அடுப்பில் சட்னி கருகிப் போயிருந்தது.

இரண்டாவது கடிக்குப் பிறகு சனிக்கிழமை விழிப்பு வகுப்புக்குப் போக வேண்டும் என்பது விதி. துணைக்கு நானும் போனேன். பாளையங்கோட்டை ரோட்டில் வாரிய ஆபீஸ் மாடி, முப்பது பேர், எல்லோர் முகத்திலும் திருட்டுக் குற்றத்தில் பிடிபட்ட களை. வகுப்பெடுக்க வந்தவன்தான் லிங்கேஷ். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் வாரிய அட்டை.

"நாலே நாலு அடையாளம்தான்" என்றான். "அனுப்புனது யாருன்னு பாருங்க. கம்பெனி பேரு மேல இருக்கும், உள்ள முகவரி வேற ஒண்ணா இருக்கும். ரெண்டாவது, அவசரப்படுத்துவான். ஒரு மணி நேரத்துல முடியும், உடனே செய்யின்னு. மூணாவது, உங்க பேரச் சொல்லாம வாடிக்கையாளரே, பயனாளரேன்னு மொட்டையாக் கூப்புடுவான். நாலாவது, லிங்க். அமுக்காம விரல மேல வச்சுப் பாத்தா வேற எங்கயோ போறது தெரியும். சந்தேகம்னா உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச நம்பர்ல கூப்புட்டுக் கேளுங்க. மெயில்ல இருக்க நம்பர்ல கேக்காதீங்க."

பிறகு தன்னுடைய இன்பாக்ஸையே சுவரில் பெரிதாகக் காட்டினான். வந்திருந்த மூன்று போலிகளை ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே இருக்கும் சிவப்புப் 'புகார் செய்' பட்டையைப் பட்பட்டென்று தட்டினான். இதுவரை நாலாயிரம் புகார் செய்திருக்கிறானாம். மாநிலத்திலேயே அவன்தான் முதலாம்.

நான் கை தூக்கினேன். "சார், ஆஸ்பத்திரி பேருல வந்ததுல நீங்க சொன்ன நாலும் இல்லையே. பேரு சரியா இருந்துச்சு. இவங்க நோயாளி சார். கிட்னி கெடச்சிருக்குன்னு எழுதுறது என்ன சோதனை?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

"அது நான் எழுதுனது மேடம். ஆளு எதுக்கு ஏங்குதாங்களோ அங்கதான் தூண்டில் போடணும். கள்ளப்பய அப்படித்தான போடுவான்? இந்த மாவட்டத்துல அதுக்கு நூத்துக்கு எழுபத்தோரு பேரு கடிச்சிருக்காங்க. சார் வருத்தப்பட வேண்டாம், நல்ல கூட்டத்துலதான் இருக்காங்க."

சிலர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், மரியாதைக்கு. நான் குறிப்பேட்டில் அவன் பெயரை எழுதிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, அடுத்த மெயில் வந்தது. அவர் தொடவே இல்லை. டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் கொண்டுவந்தார்.

"நீ பாரு சக்தி."

பார்த்தேன். அனுப்புநர் பெயரில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியும் எண்களும். 'அவசரம்: 40 நிமிடத்துக்குள் பதில் தேவை.' 'அன்புள்ள பயனாளரே.' லிங்க் எங்கேயோ போனது. தமிழ் வேறு கை கால் ஒடிந்து கிடந்தது. பத்து விநாடி ஆகியிருக்குமா? அதுகூட ஆகியிருக்காது.

"தூண்டில்தான். அதே ஆளு வேலை. புகார் பண்ணுங்க."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் அடிச்சுக் கேட்டுப்புடுவமா?"

"நாலு அடையாளமும் இருக்கு. இதுக்கு மேல போன் எதுக்கு?"

அவர் சிவப்புப் பட்டையைத் தட்டினார். மூன்றாவது கடியிலிருந்து தப்பித்தோம் என்று இரண்டு பேரும் காபி குடித்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "ஏன் சார் வேண்டாம்னுட்டீங்க? அடுத்த பேஷன்ட்டுக்குக் கொடுத்துட்டோமே" என்றாள். அசல் மெயிலைப் புகார் செய்தால் மறுத்துவிட்டதாகத்தான் கணக்காம். அந்த வாரம்தான் அவர்கள் மெயில் அனுப்பும் வேலையை வேறொரு கம்பெனிக்குக் கொடுத்திருந்தார்களாம். கிட்னி திண்டுக்கல்காரர் ஒருவருக்குப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டு அழுது தீர்த்திருப்பேன். அந்த வசதியைக்கூட அவர் எனக்குத் தரவில்லை. ஐந்து மாதம் கழித்து, டயாலிசிஸ் நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார்.

யார் குற்றம் என்று நானும் யோசிக்காமல் இல்லை. போலி என்று சொன்னது நான். அசல் மெயிலைப் போலி மாதிரி எழுதியது ஆஸ்பத்திரி. ஆனால் எங்கள் வீட்டில் உண்மையை நுழைய விடாமல் செய்தவன் லிங்கேஷ். என்னை நானே பழிவாங்க முடியாது; ஆஸ்பத்திரி என்பது ஒரு கட்டிடம். லிங்கேஷுக்குத்தான் ஒரு முகம் இருந்தது.

வாரியத்தில் 'பொதுமக்கள் தூண்டில்' என்று ஒரு திட்டம் உண்டு. நீங்களும் நானும் ஒரு தூண்டிலை எழுதி அனுப்பலாம். வாரியம் ஒப்புக்கொண்டால், எழுதியவர் பெயரை மறைத்து, ஊரெல்லாம் அனுப்பும். வாரிய ஊழியர்களுக்கும் சேர்த்து அனுப்பும். ஊழியர்களுக்கு மூன்று கடி கிடையாது, ஒரே கடிதான். வேலையும் சஸ்பெண்ட், சுயஒப்பும் ஒரு வருடம் முடக்கம். பேப்பரில் போடுவதற்கு நன்றாக இருக்கும் என்று வைத்த விதி அது.

ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன். ஏழு மாதம் ஒரே மெயிலை எழுதினேன். நாலு அடையாளமும் தெரிந்த ஒருவனை எந்த அடையாளத்தையும் மறைத்து ஏமாற்ற முடியாது. அதனால் நான் எதையும் மறைக்கவில்லை. சின்னப் பிள்ளைகூடப் போலி என்று கண்டுபிடிக்கிற மாதிரி, 'அன்புள்ள பயனாளரே, உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, உடனே விரல் வையுங்கள்' என்று ஒரு மட்டமான மெயில். அதன் அடியில், அசல் சிவப்புப் பட்டை வரும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே, அதே நிறத்தில் அதே அளவில் நானே ஒரு 'புகார் செய்' பட்டையை வரைந்து வைத்தேன்.

தூண்டில் அந்த மெயில் இல்லை. அந்தப் பட்டைதான் தூண்டில்.

அதைத் தட்டினால் வாரியத்தின் சின்னத்தோடு ஒரு பக்கம் திறக்கும். 'நன்றி. இந்த மோசடியை மாநிலத்தில் முதலில் கண்டுபிடித்தவர் நீங்கள். உங்கள் பெயரில் பதிய விரல் வைக்கவும்.' புகார் செய்ய விரல் வைக்க வேண்டியதே இல்லை. அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். ஆனால் முதல் ஆள் என்று சொன்னால் அவன் விரல் நிற்காது என்று எனக்குத் தெரியும். அவன் ஏங்கியது அதற்குத்தான்.

வாரியம் என் தூண்டிலை ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. அன்றைக்கே பொறுப்பாளர் பட்டியலிலும் என் பெயரைப் பதிந்தேன். சொந்தக்காரர் இல்லாதவர்கள் அந்தப் பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆறு வருடத்தில் ஒரு கடிகூட வாங்காதவர்கள் எங்கள் வட்டாரத்தில் பதினாறு பேர்தான். அதில் நான் ஒருத்தி. ஒரு கடி வாங்கினாலும் அந்தப் பொறுப்பு பறிபோய்விடும்.

கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை என் மெயில் போனது. அறுபதாயிரம் பேருக்குப் போனதில் ஒன்பதாயிரம் பேர் கடித்தார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். கடித்தவர்கள் எல்லோரும் வகுப்புக்குப் போய் ஒழுங்காகப் பாடம் படித்தவர்கள். எதிர்வீட்டு ஜெபராணி டீச்சருக்கு அது மூன்றாவது கடி. அவளோடு பேச்சுவார்த்தையே இல்லாத மருமகள் இனி அவளுக்காக விரல் வைப்பாள். டீச்சர் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒன்பதாயிரத்தில் ஒருவன் லிங்கேஷ்; வாரிய ஊழியன் என்பதால் பேப்பரில் பெயரோடு வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, அவர் போன பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரத்தில் அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். சட்டை கசங்கியிருந்தது. பெண்டாட்டி பிரிந்துபோய்விட்டாளாம், வீட்டில் அம்மா மட்டும்தானாம். அம்மாவுக்கு விரல் வைப்பதே அவன்தானாம்.

"பட்டியல்ல உங்க போட்டோவப் பாத்தேன் அக்கா. எங்கயோ பாத்த முகமா இருக்கேன்னு யோசிச்சேன். கிளாஸ்ல முன்னால உக்காந்து குறிப்பெடுத்தீங்க, இல்லையா? ஒரு கடிகூட வாங்காத ஆளு. மத்தவங்கள எனக்கு நம்பிக்கையில்ல. உங்களத்தான் நம்பி வந்திருக்கேன்."

"அதுக்கென்ன தம்பி" என்றேன்.

"சார் நல்லாருக்காங்களா?"

"இறந்துட்டாங்க."

"அய்யோ" என்றான். எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நான் அப்போதே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

அதன் பிறகு மூன்று மாதம். பழிவாங்குவது இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவனுடைய ஒவ்வொரு காரியமும் என் டேப்லெட்டுக்கு வரும். கேஸ் சிலிண்டர் பதிய வேண்டுமா, வந்து உட்காரு. பஸ் பாஸ் புதுப்பிக்க வேண்டுமா, வந்து உட்காரு. போர்ட்டிகோவில் கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு; அதில்தான் உட்கார வைப்பேன். உள்ளே போய்க் குழம்பு கூட்டிவிட்டு, துணி காயப்போட்டுவிட்டு, மெதுவாக வருவேன்.

"சிலிண்டர்னு வந்திருக்கே தம்பி, அனுப்புனது யாருன்னு பாத்தியா? முகவரி சரியா? அவசரப்படுத்துதானே, எதுக்கு?"

"அசல்தான் அக்கா. நானே பதிஞ்சது."

"எல்லாரும் அப்படித்தான சொல்லுவாங்க?"

அவன் தலையைக் குனிந்துகொள்வான். அவன் பாடத்தையே அவனுக்குத் திருப்பி நடத்தினேன். ஒரு தடவை அவன் வீட்டில் ஐந்து நாள் அடுப்பு எரியவில்லை. அம்மாவுக்கு ஓட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னான். நான் உச்சுக்கொட்டினேன்.

முடக்கத்தை எதிர்த்து ஒரே ஒரு முறையீடு செய்ய அவனுக்கு உரிமை உண்டு. அதில் ஜெயித்தால் வேலையும் திரும்பக் கிடைக்கும், சுயஒப்பும் கிடைக்கும். முறையீடு விசாரணைக்கு வரும்போது பொறுப்பாளருக்கு ஒரு மெயில் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் அவர் விரல் வைத்து ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலை மெயில் வந்தது. அவனையும் வரச் சொன்னேன். அவன் வந்து சேர்வதற்குள் வாரியத்தின் பழைய கடிதத்தை எடுத்து, அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்து கேட்டேன். அசல் மெயில்தான் என்றார்கள். என் வீட்டுக்காரருக்குச் செய்யாத போனை அவனுக்காகச் செய்தேன். அசல் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு கெடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அன்று அவனை உள்ளே, ஹாலில் உட்கார வைத்தேன். டேப்லெட்டை அவன் பார்க்கும்படி மேஜையில் வைத்தேன்.

"அனுப்புநர் பேருக்குப் பின்னால ஏதோ நம்பர் இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னு அவசரப்படுத்துது. பொறுப்பாளரேன்னு மொட்டையாக் கூப்புடுது. லிங்க் வேற எங்கயோ போவுது. நாலும் இருக்கு தம்பி."

"அக்கா, வாரியத்து மெயிலே அப்படித்தான் அக்கா இருக்கும். எங்க ஆபீஸ்ல எழுதுதவனுக்குத் தெரியாது. அசல்தான், சத்தியமா அசல்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பட்டையைத் தட்டினேன். அசல் பட்டையை.

அவன் எழுந்தே விட்டான். "என்னக்கா செஞ்சீங்க? என்ன செஞ்சீங்க?" என்று கத்தினான். நான் உட்கார்ந்தபடியே சொன்னேன். சட்னி கருகிய காலையிலிருந்து ஆரம்பித்து, பையில் வைத்த வேட்டி, திண்டுக்கல்காரருக்குப் போன கிட்னி, டயாலிசிஸ் நாற்காலி, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேலாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சு. ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

"ஏங்குத இடத்துல தூண்டில் போடணும்னு சொன்னியே, நீ எழுதுன அந்த ஒரு மெயிலுக்காக" என்று முடித்தேன்.

அவன் கோபப்படுவான், இல்லை காலில் விழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அத நான் எழுதலக்கா."

"கிளாஸ்ல முப்பது பேருக்கு முன்னால சொன்ன."

"சொன்னேன். எல்லா ஊர்லயும் எல்லா டிரெய்னரும் அப்படித்தான் சொல்லுவாங்க. முப்பது பேரு மொறச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. மெஷின் எழுதுச்சுன்னு சொன்னா எங்கள யாரு மதிப்பா? அதான் நான் எழுதுனேன், நான் எழுதுனேன்னு..." அவன் மேஜையிலிருந்த டேப்லெட்டைத் தள்ளி வைத்தான். "எந்தத் தூண்டிலையும் மனுஷன் எழுதுததில்லக்கா. யாருக்கு என்ன சீக்கு, யாரு எதுக்குக் காத்திருக்காங்கன்னு மெஷினே பாக்கும், மெஷினே எழுதும், மெஷினே அனுப்பும். அனுப்புத பட்டனக்கூட நாங்க அமுக்குததில்ல. உங்க வீட்டுக்கு என்ன வந்துச்சுன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அனுப்பியவர் யார் என்று பார்க்க வேண்டும் என்பது பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவன் தன் பெயரைச் சொன்னான். நான் விசாரிக்கவே இல்லை. இருபத்திரண்டு வருடம் எதிலும் ஏமாறாதவள், ஒரு வெட்டிப் பெருமைக்காரனின் வாய்ச்சொல்லை நம்பி ஒரு வருடத்துக்கு மேல் அதில் கொட்டியிருக்கிறேன்.

"ஆறு வருஷத்துல மனுஷன் எழுதி வெளிய போன தூண்டில் ஒண்ணே ஒண்ணுதான்" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொதுமக்கள் திட்டத்துக்கு ஆயிரக்கணக்குல வரும், எதுவும் தேறாது. ஒண்ணே ஒண்ணுதான் தேறுச்சு. நான் கடிச்சேனே, அது. யாரு எழுதுனாங்கன்னு தெரியல. மெஷினுக்குக்கூட அந்தப் புத்தி வரலைன்னு எங்க ஆபீஸ்ல அசந்துட்டாங்க. இப்ப அத வச்சுத்தான் மெஷினுக்குப் பாடம் சொல்லிக் குடுக்காங்க. இனிமே வரதெல்லாம் அந்த மாதிரிதான் வருமாம்."

நான்தான் எழுதினேன் என்று அவனிடம் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. அவன் சட்டையைப் பிடித்து, எதற்காகப் பொய் சொன்னாய் என்று உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. கோபம் அப்படியே இருந்தது. அதை வைக்க இடம்தான் இல்லாமல் போயிற்று. ஒரு மெஷினை எப்படிப் பழிவாங்குவது?

"வேற பொறுப்பாளரப் பாத்துக்கோ" என்றேன். "நான் விட்டுக்குடுத்துருதேன்."

"மாத்துததுக்கு ஆறு மாசம் ஆகும்" என்றான். "எங்கம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்ல. நெஞ்சுல வால்வு மாத்தணும். மதுரையில பேரு குடுத்திருக்கேன், உங்க சார் பாத்த அதே ஆஸ்பத்திரிதான். எடம் காலியானதும் மெயில் வரும். அம்மாவுக்கு நான் விரல் வைக்கணும், எனக்கு நீங்க வைக்கணும். உங்களுக்குத்தான் வரும்."

"எப்ப வரும்?"

"தெரியாது. நாப்பது நிமிஷம்தான் குடுப்பாங்க. கொஞ்சம் பாத்துக்கிட்டே இருங்க." வாசல் வரை போய்விட்டுத் திரும்பினான். கெஞ்சுகிறானா, மிரட்டுகிறானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "என்னச் செஞ்சது சரி. அவங்கள ஒண்ணும் செஞ்சுராதீங்க."

அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். குளிக்கப் போனாலும் டேப்லெட்டைக் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டுத்தான் போகிறேன். பதினோராவது நாள், இன்றைக்குக் காலை ஒன்பதரைக்கு, மெயில் வந்தது. அனுப்புநர் முகவரியில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அவனுடைய பெயர், அவன் அம்மாவின் பெயர், பதிவு எண், எல்லாம் சரி. அவசரப்படுத்தவில்லை, வேண்டுமானால் எங்களைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்றுகூடப் பணிவாகச் சொல்லியிருந்தது. நாலு அடையாளத்தில் ஒன்றுகூட இல்லை.

என்னைப் போன்ற ஒருத்தியைப் பிடிக்க நான் ஒரு தூண்டில் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பேன். நான் கடித்துவிட்டால் என் பொறுப்பு போய்விடும், அந்த அம்மாவுக்காக விரல் வைக்க ஆளே இருக்காது.

வீட்டுக்காரரின் பழைய ஃபைலைத் தேடி எடுத்து, அதிலிருந்த ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் செய்தேன். அவன் சொன்ன நாற்பது நிமிடத்தில் இருபத்தாறு போய்விட்டது. மணி அடித்துக்கொண்டிருக்கிறது; இன்னும் யாரும் எடுக்கவில்லை.